மாம்பலத்தில் இறங்கும் கூட்டம்: ரங்கநாதன் தெருவும் ஆகாய நடைமேம்பாலமும்

சாயங்காலம் ஆறரை மணிக்கு சென்னை மாம்பலம் ஸ்டேஷனில் தாம்பரம் போகும் வண்டியும் பீச் போகும் வண்டியும் ஒரே சமயத்தில் வந்து நின்றால் என்ன ஆகிறது என்பதைப் படிக்கட்டுக்கு மேலே ஓர் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். 12 பெட்டி மின்சார ரயில் ஏறத்தாழ கால் கிலோமீட்டர் நீளம். அந்த நீளம் முழுக்க இருக்கும் கதவுகளிலிருந்து இறங்கியவர்கள் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் படிக்கட்டுக்கு வந்து குவிந்துவிடுகிறார்கள். கிழக்குப் பக்கம் படி இறங்கினால் நேர் எதிரே ரங்கநாதன் தெரு. நடுவில் முற்றம் கிடையாது, திடல் கிடையாது, மூச்சு விட ஒரு மரத்தடிகூடக் கிடையாது. ரயிலடி முடிகிற இடத்தில் கடைத்தெரு ஆரம்பித்துவிடுகிறது.

எள் போட்டால் எள் விழாத தெரு என்று பேரெடுத்த இந்த இடத்தைச் சீர்செய்ய மாநகராட்சி, நகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., காவல்துறை, நீதிமன்றம் என்று எல்லோரும் ஒரு கை பார்த்துவிட்டார்கள். கடைசியாக 2023 மே மாதம், ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை தலைக்கு மேலே ஒரு நடைமேம்பாலம் திறக்கப்பட்டது. அந்தப் பாலம் எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. பல வருடமாக அந்தப் படிகளில் ஏறி இறங்கியவன் என்ற முறையில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு: ரங்கநாதன் தெருவில் நடக்கிறவரும் வாங்குகிறவரும் இரண்டு ஆட்கள் இல்லை. ஆபீஸ் விட்டு வீட்டுக்கு நடக்கிற அதே கால்தான் தலையணை உறைக் கடைக்கு முன்னால் நின்றுவிடுகிறது. இதை மறந்து போட்ட திட்டங்கள் எல்லாம் பாதியில் நின்றன.

ஏரிக்குள் ஒரு நகர்

தி.நகர் இருக்கிற இடம் நூறு வருடத்துக்கு முன்னால் ஏரி. மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வடக்கு தெற்காக நீண்டு கிடந்தன. வெள்ளைக்காரர்களின் வரைபடங்களில் அதற்கு 'நீண்ட ஏரி' என்றே பெயர். 1920-ல் மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. ஏரியின் ஒரு பகுதியை வற்றவைத்து மனை பிரிக்கும் வேலை அந்தப் பத்தாண்டின் நடுவில் நடந்தது. ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அதனால் இந்தப் பேட்டையின் தெருப் பலகைகளைப் படித்தால் அந்தக் கட்சியின் வருகைப் பதிவேட்டைப் படிப்பதுபோல இருக்கும். 1925-ல் மறைந்த பிட்டி தியாகராயர் பெயரில் நகர். முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில் பூங்கா. முகமது உஸ்மான் பெயரில் சாலை. டாக்டர் நடேசன் பெயரில் இன்னொரு பூங்கா. சௌந்தரபாண்டிய நாடார் பெயரில் அங்காடி. அந்தக் கடைசிப் பெயர்தான் ஜனங்கள் வாயில் தேய்ந்து பாண்டி பஜார் ஆனது. பாண்டிச்சேரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இன்னும் எத்தனை பேரிடம் சொல்வது!

ஏரி தன் இடத்தை மறக்கவில்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. துரைசாமி சுரங்கப்பாதை நிரம்புகிற ஒவ்வொரு முறையும் மேற்கு மாம்பலத்துக்குப் போக வேண்டியவர்களும் ஸ்டேஷன் படிக்கட்டுக்கே வந்து சேருகிறார்கள்.

தி.நகரைக் குடியிருப்பதற்காகத்தான் வரைந்தார்கள். பனகல் பூங்காவை நடுவில் வைத்து, அதிலிருந்து சாலைகள் பிரிந்து, வீடுகளும் தோட்டங்களுமாக இருக்க வேண்டும் என்பது திட்டம். ரங்கநாதன் தெருவும் வீடுகள் இருந்த சாதாரணக் குறுக்குத் தெருதான். 1931-ல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. நகரத்துக்கு உள்ளே வேலை, வெளியே வீடு என்று வாழ்வதற்கு அந்த வண்டி வழிசெய்தது. மாம்பலம் நடுவழியில் இருந்தது.

பட்டுக்கு நல்லி 1928-லேயே இங்கே வந்துவிட்டார். ஆனால் பட்டுக்கடைக்கு வருகிறவர் ரயிலில் வரவேண்டும் என்றில்லை. கல்யாணத்துக்கு வருடத்தில் ஒரு முறை காரிலோ டாக்ஸியிலோ வருவார். ரங்கநாதன் தெருவின் வியாபாரம் வேறு ஜாதி. 1970-களில் எவர்சில்வர் பாத்திரங்களோடு தென்மாவட்டத்து நாடார் வியாபாரிகள் இந்தத் தெருவில் பெரிய கடை போட்டார்கள். பாத்திரம், பிறகு துணி, பிறகு பிளாஸ்டிக், மளிகை, நகை என்று ஒரே கூரைக்குக் கீழ் எல்லாம் வந்தது. லாபம் குறைவாக வைத்து, நிறையப் பேருக்கு விற்பது அவர்கள் முறை. அந்த முறைக்கு வாசலைக் கடந்து தினமும் ஓயாமல் கூட்டம் போக வேண்டும். அதைக் கொண்டுவந்து கொட்டியது ரயில். கூடுவாஞ்சேரியில் குடியிருக்கும் குடும்பம் பத்து இருபது ரூபாய்ச் சீட்டில் வந்து, கட்டைப்பை நிறைய வாங்கிக்கொண்டு, அதே பிளாட்பாரத்தில் ஏறிப் போய்விடலாம். வண்டி நிறுத்த இடம் தேட வேண்டாம். சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவும் தனியாக இல்லை. அவர் எப்படியும் அந்த வழியாகப் போகிறவர்தான்.

பெரிய கடைக்கு வந்த கூட்டத்தை நம்பிச் சின்னக் கடை வந்தது. நடைபாதையில் தார்ப்பாய் விரித்து, தள்ளுவண்டி போட்டு, கழுத்தில் வடம் மாட்டி ஊக்கு, ஹேர்பின், கர்சீப், செல்போன் உறை விற்பவர்கள் வந்தார்கள். ஸ்டேஷன் முனையில் காய்கறி, பூ, பழம். "எது எடுத்தாலும்..." என்று தொடங்கும் அந்தக் கூவலில் பின்னால் வரும் தொகை மட்டும் வருடா வருடம் ஏறுகிறது.

கூட்டத்தின் கணக்கு

இந்தத் தெருவின் கூட்டம் ஆற்று நீர்போல ஒரே சீராக வருவதில்லை. அலை அலையாக வருகிறது. அலையை அனுப்புவது ரயில் அட்டவணை. காலையும் மாலையும் சில நிமிட இடைவெளியில் வண்டிகள் வருகின்றன. ஓர் அலை தெருவின் மறுமுனையான உஸ்மான் சாலையைத் தொடுவதற்குள் அடுத்தது படியிறங்கிவிடுகிறது.

பாதசாரிகள் ஓட்டத்தைக் கணக்கிடும் பொறியாளர்களிடம் ஓர் அளவு உண்டு. ஒரு மீட்டர் அகலத்தில், பெரிதாக இடிபடாமல் நடக்கவேண்டுமானால், நிமிடத்துக்கு 35-லிருந்து 50 பேர் வரை போகலாம். இதை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தெரு எட்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் கடைப்படியும் வெளியே நீட்டிய சரக்கும் சேர்ந்து பக்கத்துக்கு ஒரு மீட்டர் எடுத்துக்கொள்ளும். நடைபாதைக் கடைகள் இன்னும் இரண்டு மீட்டர். மிச்சம் நான்கு. அதில் போகிறவர், வருகிறவர் இருவருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு அதிகபட்சம் இருநூறு பேர். ஒரு வண்டியிலிருந்து ஆயிரம் பேர் இறங்கி இந்தப் பக்கம் வந்தால், எதிரே ஒருவரும் வராவிட்டாலும், அவர்கள் மட்டும் கடந்து தீர ஐந்து நிமிடம்.

இந்தக் கணக்கில் இன்னொன்று சேரவில்லை. நடக்கிறவர் நிற்பார். ஒரு பெண்மணி வளையலைப் பார்த்து நின்றால் அவருடன் வந்த இரண்டு பேர் நிற்பார்கள். பின்னால் வருபவர் சுற்றிக்கொண்டு போவார். அவருக்கு எதிரே வருபவர் ஒதுங்குவார். ஒதுங்கிய இடத்தில் இன்னொரு கடை. அவரும் பார்ப்பார். வியாபாரிக்கு வேண்டியது இதுதான். வேகமாக நடக்கிற கூட்டத்தில் போணி ஆகாது. தெரு நெருங்கி நடை தளர்ந்தால்தான் கண் பக்கவாட்டில் போகும். பொறியாளர் நெரிசல் என்று சிவப்பு மையால் வட்டமிடுகிற இடமும், வியாபாரி நல்ல மனை என்று நினைக்கிற இடமும் ஒன்றே. இந்த முடிச்சை அவிழ்க்காமல் இங்கே எதுவும் செய்ய முடியாது.

இதில் கணக்கில் வராத கால்கள் இன்னொரு வகையும் உண்டு. பெரிய கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்க்கும் தென்மாவட்டப் பையன்களும் பெண்களும். கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல்தான் சட்டம் திருத்தியது. தெருவில் நிற்க இடமில்லை என்று நாம் புலம்பிக்கொண்டிருந்த காலமெல்லாம் கடைக்குள் உட்கார இடமில்லாமல் இருந்தார்கள்.

முதலில் முயன்றவை

நீதிமன்ற வழி கட்டடங்களைக் குறிவைத்தது. விதிமீறிக் கட்டியவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்ய 1998-ல் நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதைத் தொடர்ந்து நீட்டிப்பதை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்தது. 2008 செப்டம்பர் 1-ம் தேதி ரங்கநாதன் தெருவின் ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து ஊழியர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். 2011 அக்டோபர் கடைசியில் இந்தத் தெருவிலும் சுற்றிலும் பல பெரிய கட்டடங்களுக்கு சீல் வைக்கப்பட்டது. 2012 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்னால், உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்கச் சொன்னது. அந்த இரண்டு மாதமும் ரயில் வந்துகொண்டேதான் இருந்தது.

பாண்டி பஜாரில் வேறு வழி. 2013-ல் நடைபாதை வியாபாரிகள் அங்கே கட்டிய மாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். கூரை கிடைத்தது, மின்சாரம் கிடைத்தது, போலீஸ் வந்தால் மூட்டை கட்டி ஓட வேண்டியதில்லை. கிடைக்காதது, தானாகக் கடந்துபோகிற கால். நூறு ரூபாய் கைப்பைக்காக யாரும் மாடிப்படி ஏறுவதில்லை. மேல்தளக் கடைக்காரர்களின் புகார் அதுவாகத்தான் இருந்தது. இந்த அனுபவம் ரங்கநாதன் தெருவுக்கு ஒரு முன்னறிவிப்பு. வாங்குகிறவரைத் தேடிப்போன வியாபாரத்தை எடுத்து, வாங்குகிறவர் தேடி வரவேண்டிய இடத்தில் வைத்தால் அது வேறு வியாபாரம் ஆகிவிடுகிறது.

2019 நவம்பரில் அதே பாண்டி பஜாரில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் நடைபாதை வளாகம் திறந்தார்கள். வாகனப் பாதையைச் சுருக்கி, நடப்பவருக்கு இரண்டு பக்கமும் அகலமான இடம் கொடுத்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாண்டி பஜாரில் எடுத்துக் கொடுக்க வாகனச் சாலை இருந்தது. ரங்கநாதன் தெருவில் எடுப்பதற்கு எதுவும் இல்லை. அது ஏற்கனவே நடப்பவரின் தெரு.

தலைக்கு மேலே 570 மீட்டர்

மிச்சம் இருந்தது ஆகாயம். 2023 மே 16-ம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த ஆகாய நடைமேம்பாலத்தின் நீளம் 570 மீட்டர், அகலம் 4.2 மீட்டர், செலவு 28.45 கோடி ரூபாய். மீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 லட்சம். மாம்பலம் ஸ்டேஷனின் நடைமேம்பாலத்தோடு இணைந்து, ரயில்வே பார்டர் சாலை வழியாகப் போய், மேட்லி சாலைப் பக்கம் திரும்பி, தெற்கு உஸ்மான் சாலையில் பஸ் நிலையத்தில் இறங்குகிறது. மின்தூக்கி, நகரும் படிக்கட்டு, கேமரா எல்லாம் உண்டு.

திறந்த புதிதில் போகவேண்டிய வேலை இல்லாதவர்களும் போய்ப் பார்த்தார்கள். கீழே தெருவை மேலிருந்து பார்ப்பது இந்த ஊர்க்காரர்களுக்கே புதுக் காட்சி. செல்பி எடுக்கிற கூட்டம் வடிந்த பிறகு பாலம் தன் உண்மையான பயனாளிகளைக் கண்டுகொண்டது.

முதலாவது, பஸ் பிடிக்கிறவர். கிண்டியிலிருந்து ரயிலில் வந்து தி.நகரில் பஸ் மாறுகிறவருக்கு ரங்கநாதன் தெரு ஒரு தண்டனை. அவருக்கு வளையலும் வேண்டாம், வாளியும் வேண்டாம். 6.50 பஸ் வேண்டும். பாலம் அவருக்கு ஏழெட்டு நிமிட நடையாக அதைச் சுருக்கிக் கொடுத்தது. அதைவிட முக்கியம், எத்தனை நிமிடம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிற நடை. கீழே அது தீபாவளிச் சமயத்தில் அரைமணி நேரமும் ஆகலாம். இரண்டாவது, முட்டிவலிக்காரர், கைக்குழந்தைக்காரி, சக்கர நாற்காலிக்காரர். இந்தத் தெருவில் இவர்களை நினைத்துக் கட்டிய பொருள் இதற்கு முன் அனேகமாக ஒன்றும் இல்லை. இதற்காகவே அந்தச் செலவு தகும் என்று சொல்லத் தயங்கமாட்டேன். மூன்றாவது, மழை. நான்காவது, காவல்துறை. பண்டிகைக் காலத்தில் கண்காணிப்புக் கோபுரம் கட்டி நின்றவர்களுக்கு இப்போது நிரந்தரமாக ஓர் உயரம் கிடைத்தது.

ஆனால் ரங்கநாதன் தெருவின் கூட்டம் குறைந்ததா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்பவர்கள் அந்தத் தெருவுக்கு வாரநாள் மதியம் மூன்று மணிக்குப் போனவர்களாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனவர் அப்படிச் சொல்லமாட்டார். பாலம் அந்தத் தெருவுக்குள் இறங்கவில்லை, அதைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறது. வாங்க வந்தவர் மேலே ஏறினால் வாங்க முடியாது. வாங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்காமல் வருகிறவர்தான் இந்தத் தெருவில் அதிகம். அவர் கீழேயே நடப்பார், ஒருவேளை ஏதாவது கண்ணில் படுமே என்று. போகும்போது மேலே, வரும்போது கீழே என்று நடக்கிறவர்களும் உண்டு. நானே அப்படித்தான். காலையில் அவசரம், சாயங்காலம் கருவேப்பிலை.

பாலத்தை இதற்காகக் குறை சொல்வது அநியாயம். அது விலகிப்போக விரும்பியவர்களை விலக்கிக்கொண்டு போயிற்று. நிற்க விரும்பியவர்களுக்கு அவர்கள் விட்டுப்போன இடம் கிடைத்தது. பலருக்குத் தோன்றாத விளைவு இது: கீழே அவசரக்காரர் குறைந்ததால் நிற்பவர் இன்னும் நிதானமாக நிற்கிறார். அதாவது தெருவின் நெரிசல் பார்வைக்கு அப்படியே இருக்க, அதன் உள்ளடக்கம் மாறிவிடும். நெரிசலில் நிற்க மனமில்லாதவர் இல்லாத நெரிசல், நெரிசலே இல்லை என்று ஒரு வியாபாரி வாதாடினால் அவரை மறுத்துப் பேச எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

கொரோனா காட்டியது

இந்தத் தெருவுக்கு ரயில் எந்த அளவு உயிர்நாடி என்று சோதிக்க யாரும் வேண்டுமென்றே ரயிலை நிறுத்தமாட்டார்கள். 2020-ல் நின்றது. செப்டம்பரில் கடைகள் திறந்த பிறகும் புறநகர் ரயில் பொதுமக்களுக்கு இல்லை. அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கும், நவம்பர் பிற்பகுதியில் நெரிசல் இல்லாத நேரங்களில் பெண்களுக்கும், டிசம்பரில்தான் மற்றவர்களுக்கும் படிப்படியாகத் திறந்தது. இடையில் நவம்பர் 14-ல் தீபாவளி.

என் கருத்துப்படி அந்தத் தீபாவளிக்குத் தெரு வெறிச்சோடியிருக்க வேண்டும். வெறிச்சோடவில்லை. தி.நகரில் முகக்கவசம் தாடையில் தொங்கக் கூட்டம் நெரிந்த படங்கள் செய்திகளில் வந்தன. பஸ்ஸிலும் இருசக்கர வண்டியிலும் ஆட்டோவிலும் வந்துவிட்டார்கள். ஆகவே நான் என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தத் தெருவுக்கு இரண்டு கூட்டங்கள் உண்டு. தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடிக்கு எங்கிருந்தாவது எப்படியாவது வந்துவிடுகிற கூட்டம் ஒன்று. அதைப் பெரிய கடைகளின் பெயரும் விளம்பரமும் இழுக்கின்றன. மற்றது, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். அதுதான் ரயில் பெற்ற பிள்ளை. பெரிய கடை பண்டிகைக் கூட்டத்தை வைத்து ஆண்டுக் கணக்கை நேராக்கிவிடும். தார்ப்பாய்க் கடை செவ்வாய்க்கிழமையை நம்பி இருப்பது. ரயில் இல்லாத மாதங்களில் யாருக்கு அடி விழுந்திருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

2021 ஜூலை கடைசியில் தொற்று மறுபடி ஏறியபோது மாநகராட்சி சில கடைத்தெருக்களைச் சில நாட்கள் மூட உத்தரவிட்டது. அதில் ரங்கநாதன் தெருவின் எல்லை, வடக்கு உஸ்மான் சாலை முதல் மாம்பலம் ரயில் நிலையம் வரை என்று இருந்தது. ஸ்டேஷனைச் சொல்லாமல் அந்தத் தெருவுக்கு எல்லை எழுத முடியாது.

பம்பாயின் 150 மீட்டர்

ரயிலடிக் கடைத்தெரு என்றால் மும்பையைப் பார்க்காமல் இருக்க முடியாது. 2017 செப்டம்பர் 29 காலை எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனையும் பரேலையும் இணைக்கும் நடைமேம்பாலப் படிக்கட்டில், மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நெரிந்து 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பம்பாய் உயர் நீதிமன்றம் ரயில் நிலையங்களிலிருந்து 150 மீட்டருக்குள் நடைபாதை வியாபாரம் கூடாது என்ற தடையை உறுதி செய்தது. அந்த அளவுகோலை மாம்பலத்தில் வைத்தால் ரங்கநாதன் தெருவில் பெரும்பங்கு உள்ளே விழுந்துவிடும்.

செய்யலாமா? உயிர் போகும் ஆபத்து படிக்கட்டிலும் அதன் வாயிலும்தான் இருக்கிறது. அங்கே ஒரு சதுர மீட்டருக்கு நாலைந்து பேருக்கு மேல் சேர்ந்தால் யாரும் தன் விருப்பத்துக்கு நகர முடியாது. உடம்பு கூட்டத்தின் போக்குக்குப் போகும். அதனால் படி இறங்கும் இடத்தில் ஒரு தட்டுகூட வைக்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூக்காரியின் வயிற்றெரிச்சலைத் தாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஆனால் 150 மீட்டர் என்ற வட்டம் சென்னைக்குப் பொருந்தாது. மும்பையில் ஸ்டேஷன் வாசலில் கடை வந்தது. இங்கே ஸ்டேஷன் வாசலே கடைத்தெரு.

சட்டமும் வேறு திசையில்தான் பேசுகிறது. வீதியில் வியாபாரம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளோடு, தொழில் செய்யும் அடிப்படை உரிமையின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் சோதன் சிங் வழக்கில் சொன்னது. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் 'இயற்கைச் சந்தை' என்று ஒரு கருத்தைக் கொண்டுவந்தது: விற்பவரும் வாங்குபவரும் வழக்கமாகக் கூடிக் கூடிச் சந்தையாகிவிட்ட இடம். கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்து, விற்பனைக் குழு கூடி முடிவெடுக்காமல் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. தமிழ்நாட்டில் இயற்கைச் சந்தைக்கு ஓர் உதாரணம் கேட்டால் நான் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவேன்.

தீயணைப்பு வண்டியும் ஒரு தள்ளுவண்டியும்

நடைபாதைக் கடைகளுக்கு எதிராக ஒரு வாதம் மட்டும் எனக்கு மறுக்க முடியாததாக இருக்கிறது. அது நெரிசல் இல்லை, நெருப்பு. 2008-ல் நடந்ததைச் சொன்னேன். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று எரிந்தது. அகலமான சாலை, இரண்டு பக்கமும் வண்டி வர வழி. அப்படியும் தீயை அடக்க ஒரு நாளுக்கு மேல் ஆகி, கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து, கடைசியில் மொத்தத்தையும் இடிக்க வேண்டி வந்தது. ரங்கநாதன் தெருவில், ஒரு ஞாயிறு மாலை, மூன்றாவது மாடியில் புகை என்றால் என்ன செய்வது?

இதற்குத் தார்ப்பாய்க் கடைக்காரரை மட்டும் கூண்டில் ஏற்றுவது வசதியான பொய். அவர் மூட்டையை ஒரு நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போய்விடுவார், தினமும் அதில் அவருக்குப் பயிற்சி உண்டு. தெருவுக்குள் நீட்டிக் கட்டிய சிமெண்ட் படியும், வெளியேறும் படிக்கட்டில் அடுக்கிய சரக்கு மூட்டையும், நிரந்தர இரும்புத் தகரக் கூரையும் தூக்கிக்கொண்டு போக முடியாதவை. விதிமீறிய மாடிக்குக் கட்டணம் வாங்கி மன்னிக்கிற ஊரில், நாலடிக்கு நாலடி விரித்த தார்ப்பாயைக் குற்றம் என்று எழுதுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

என்னைக் கேட்டால், தெரு நெடுக ஒரு வண்டி போகும் அகலத்துக்குத் தரையில் மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் கடைப்படியும் கூடாது தார்ப்பாயும் கூடாது என்று இருவருக்கும் ஒரே சட்டம் வைப்பேன். கோட்டுக்கு வெளியே அடையாள அட்டை வைத்திருப்பவர் விற்கட்டும். படிக்கட்டின் வாயில் முழுக்கக் காலி. மாலை நேரத்தில் வருவதும் போவதும் ஒரே பக்கம் மோதாமல், ஒரு திசைக்கு ரங்கநாதன் தெரு, எதிர்த்திசைக்கு நடேசன் தெரு என்று பழக்கலாம். பாலம் ஏற்கனவே அவசரக்காரர்களை எடுத்துக்கொண்டுவிட்டதால் இதை இப்போது செய்வது முன்னைவிட எளிது. பாலம் இல்லாமல் இதைச் செய்திருந்தால் பஸ் பிடிக்கிறவர் கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருப்பார்.

அவசரப்படச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் மெட்ரோ வழியில் பனகல் பூங்காவுக்குக் கீழே சுரங்க நிலையம் வருகிறது. அங்கிருந்து உஸ்மான் சாலையில் நடந்தால் ரங்கநாதன் தெருவின் கிழக்கு முனை. இத்தனை வருடம் இந்தத் தெருவுக்குப் பெரிய வாய் ஒன்றுதான், மேற்கே ஸ்டேஷன். அலை மேற்கிலிருந்து வரும், கிழக்கே போய்க் கரையும். மெட்ரோ திறந்த பிறகு கிழக்கிலிருந்தும் ஒரு ரயில் அட்டவணை தன் அலையை அனுப்பும். கார்டைத் தட்டிவிட்டு வருகிற அந்தக் கூட்டம் ஒரு பக்கம், சீசன் டிக்கெட் கூட்டம் ஒரு பக்கம். இரண்டும் தெருவின் நடுவில், ஏறத்தாழ பாத்திரக் கடைகளுக்கு முன்னால், சந்தித்துக்கொள்ளும்.